மகளின் ரைஃபிளோடு விமானத்தில் ஓஹையோ போகிறோம், என்னென்ன கவனிக்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நாங்கள் வட கரோலினாவில், ராலே பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது. பள்ளி ரைஃபிள் அணியில் சேர்ந்தவள், இப்போது .22 ரைஃபிளில் நன்றாகச் சுடுகிறாள். இந்தக் கோடையில் ஓஹையோவில் கேம்ப் பெர்ரியில் நடக்கும் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம், அவளுக்கு அங்கே போய்ச் சுட வேண்டும் என்பது பெரிய ஆசை. இதுவரை எல்லாப் போட்டிக்கும் காரில்தான் போயிருக்கிறோம். இந்த முறை எனக்கு லீவு குறைவு, அதனால் விமானம்.

அவளுடைய பயிற்சியாளர், "கவுண்டரில் சொல்லிவிட்டு ஏற வேண்டியதுதான், ஒன்றுமே இல்லை" என்கிறார். என் மனைவியோ, விமான நிலையத்தில் துப்பாக்கி என்ற சொல்லை எடுத்தாலே ஓரங்கட்டி விசாரிப்பார்கள் என்று பயப்படுகிறார். எனக்கு இரண்டுக்கும் நடுவில் மனம் அல்லாடுகிறது. பெட்டி எப்படி இருக்க வேண்டும், பூட்டு எந்த மாதிரி, தோட்டாவை எங்கே வைப்பது, கவுண்டரில் உண்மையிலேயே என்ன நடக்கும் என்று போய் வந்தவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது. பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. நியூவார்க்கில் மாறி கிளீவ்லாந்து போகிற சீட்டு மலிவாக இருக்கிறது, அதையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இன்னொன்று, மகள் இங்கே பிறந்தவள், நான் கிரீன் கார்டு. அதனால் ஏதாவது வித்தியாசம் உண்டா?


பழையகுறி எழுதியது:

முதலில் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் இது தினமும் நடக்கிற காரியம். வேட்டைக் காலத்தில் கவுண்டரில் இருப்பவர்கள் ஒரே நாளில் எத்தனையோ ரைஃபிள் பெட்டிகளைப் பார்த்து அனுப்புகிறார்கள். சட்டம் கேட்பதும் அதிகமில்லை. துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், கடினமான பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும், சரக்கோடு போக வேண்டும், கவுண்டரில் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், திரும்பும்போதும் சேர்த்துத்தான்.

பெட்டியைப் பற்றி: கடையில் ரைஃபிள் வாங்கியபோது கூடவே வந்த பெட்டி போதும் என்று நினைக்க வேண்டாம், பல நேரம் அது தேறாது. பூட்டிய பிறகு ஒரு மூலையில் விரலை விட்டு மூடியைத் தூக்கிப் பாருங்கள். இடைவெளி விழுந்து உள்ளே கை நுழைகிற மாதிரி இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியில் எத்தனை பூட்டுத் துளை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டுப் போடுங்கள். நடுவில் ஒன்று போதும் என்று விடுகிறவர்களுக்குத்தான் மூலை தூக்கிக்கொள்ளும்.

பூட்டு எந்த மாதிரி என்பதில் இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. விமான நிலையச் சோதனைகளை நடத்துகிற கூட்டரசு அமைப்பான டி.எஸ்.ஏ., தங்களுடைய பொதுச்சாவி பொருந்துகிற பூட்டுகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விதிமுறை சொல்வது, சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று. அந்தப் பொதுச்சாவிகளின் அச்சு 2015-இலேயே இணையத்தில் வெளியாகி, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க, துப்பாக்கி இருக்கிற பெட்டிக்கு அதைப் போட எனக்கு மனம் ஒப்பாது. சாதாரண உறுதியான பூட்டு வாங்குங்கள், எல்லாம் ஒரே சாவியில் திறக்கிற மாதிரி வாங்கினால் கவுண்டரில் தடுமாற வேண்டியதில்லை. சாவி உங்கள் சட்டைப் பையில். செக்-இன் செய்யும் பைக்குள் சாவியைப் போட்டுவிடாதீர்கள்.

கவுண்டரில் நடப்பது இதுதான். இணையத்தில் செக்-இன் செய்து, வெளியே சாலையோரக் கவுண்டரில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை நடக்காது, உள்ளே வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் முறை வந்ததும் நிதானமான குரலில், "ஐ நீட் டு டிக்ளேர் அன் அன்லோடட் ஃபயர்ஆர்ம்" என்று சொல்லுங்கள். 'கன்' என்ற சொல் வேண்டாம், பின்னால் நிற்பவர் காதில் அரைகுறையாக விழுந்தால் வீண் கலவரம். அவர் ஒரு சிறிய அட்டை தருவார், பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். துப்பாக்கி காலி என்று அதில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். சிலர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள், சிலர் வாய்வார்த்தையோடு விட்டுவிடுவார்கள். திறக்கச் சொன்னால் மூடியை மட்டும் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ரைஃபிளைத் தூக்கிக் காட்டவே கூடாது. போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடுகிற பாகம்) கழற்றி அதே பெட்டியில் பக்கத்தில் வைத்து, குழலில் தோட்டா உட்காருகிற அறையில் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைச் செருகி வைத்திருந்தால், துப்பாக்கியே தெரியாதவருக்கும் அது காலி என்று ஒரே பார்வையில் புரியும். உங்கள் மகளிடம் அந்தக் கொடி கட்டாயம் இருக்கும், போட்டிகளில் அது இல்லாமல் ரேஞ்சில், அதாவது சுடுகிற களத்தில், கால் வைக்க விடமாட்டார்கள்.

அட்டை பெட்டிக்குள்தான் போக வேண்டும். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று வெளியில் தெரிகிற மாதிரி எந்தச் சீட்டும் ஒட்டக்கூடாது என்று கூட்டரசுச் சட்டமே இருக்கிறது, திருடனுக்கு வழிகாட்டாமல் இருக்கத்தான். புதிதாக வேலைக்கு வந்தவர் யாராவது தெரியாமல் கைப்பிடியில் கட்டப் போனால் மரியாதையாகச் சொல்லி உள்ளே போடச் செய்யுங்கள்.

அப்புறம் உடனே கேட்டுக்கு ஓடாதீர்கள். பெட்டி எக்ஸ்ரேயில் போகும், திறந்து பார்க்க வேண்டும் என்றால் சாவிக்கு உங்களைத்தான் தேடுவார்கள். சில விமான நிலையங்களில் பெரிய சாமான்கள் போகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதவருகே நிற்கச் சொல்வார்கள், சிலவற்றில் கவுண்டருக்கு எதிரிலேயே. "கிளியர் ஆகிவிட்டது, போகலாம்" என்று யாராவது சொல்கிற வரை அங்கேயே இருங்கள். நீங்கள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போன பிறகு அவர்கள் தேடினால் பெட்டி விமானத்தில் ஏறாமல் தங்கிவிடும்.

தோட்டா: ஒருவருக்கு 5 கிலோ, அதாவது 11 பவுண்டு, பொதியின் எடையும் சேர்த்து. இது உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பின்பற்றுகிற வரம்பு. 9 மி.மீ. சுடுகிறவர்களுக்கு அது ஏறக்குறைய 400 தோட்டாவோடு முடிந்துவிடும், .22 என்பதால் உங்களுக்குக் கவலையே இல்லை. 500 தோட்டா இரண்டு கிலோவுக்கும் குறைவு. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆனால் போட்டிக்காரர்கள் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டா வாங்கி, அது தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறதா என்று சுட்டுப் பார்த்து வைத்திருப்பார்கள், அதைக் கொண்டுபோவதுதான் நியாயம். உதிரியாகப் பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது. அது வந்த பெட்டியிலேயே, மூடி திறந்துகொள்ளாதபடி டேப் ஒட்டி வையுங்கள், அல்லது ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் குழி உள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே தோட்டாவையும் வைக்க டி.எஸ்.ஏ. அனுமதிக்கிறது. உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தையும் படித்து, அதை ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாக்குவாதம் வந்தால் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கேபினுக்குள் கொண்டுபோகும் பையில் போல்ட், மேகசின் (காலியாக இருந்தாலும்), தோட்டா எதுவும் இருக்கக்கூடாது. ஸ்கோப் மட்டும் கொண்டுபோகலாம். தீப்பற்றுகிற துடைப்புத் திரவங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.


மேற்குமலை எழுதியது:

பழையகுறி ஐயா சொன்னதெல்லாம் சரி. எனக்கு அந்தக் கேள்வியில் திக்கென்றது நியூவார்க் என்ற ஒரு சொல்தான். தயவுசெய்து அந்தச் சீட்டை எடுக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகிறவருக்கு 1986-இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும், அது காலியாக, எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நடுவில் எந்த மாநிலம் வந்தாலும் அதன் சட்டம் உங்களைப் பிடிக்காது என்பது ஏற்பாடு. படித்தால் நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஆனால் 2005-இல் நடந்ததைப் பாருங்கள். யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் கைத்துப்பாக்கியை முறைப்படி டிக்ளேர் செய்து, பூட்டிய பெட்டியில் வைத்துப் பென்சில்வேனியாவுக்குக் கிளம்பினார். நியூவார்க்கில் மாற வேண்டிய விமானம் தவறிப்போனது. பெட்டி கைக்கு வந்தது, அவர் அதை எடுத்துக்கொண்டு இரவு ஒரு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வந்து, ஒழுங்கான மனிதராகக் கவுண்டரில் மறுபடியும் டிக்ளேர் செய்தார். அங்கேயே கைது. சில நாள் சிறை. குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது, அதனால் அந்தக் கூட்டரசுப் பாதுகாப்பு பொருந்தாது என்று தீர்ப்பு. அதே நீதிமன்றம் 2013-இல் இன்னொரு வழக்கில், அந்தச் சட்டம் வாகனத்தில் கொண்டுபோகிறவரை மட்டுமே காக்கும் என்றும் சொல்லிவிட்டது. அதாவது டெர்மினலுக்குள் பெட்டியைக் கையில் பிடித்து நடக்கிற பயணிக்கு அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதில் அவர் செய்த தப்பு என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. விமானம் தாமதமானது அவர் கையில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பூட்டும் பெட்டியும் எவ்வளவு சரியாக இருந்தாலும் வழி தப்பாக இருந்தால் அது உதவாது. கோடைக் காலத்தில் மதியம் இடி மழை வந்தால் நியூவார்க்கில் விமானங்கள் வரிசையாக ரத்தாகும். நியூவார்க் இருக்கிற நியூ ஜெர்சியில் ரைஃபிள் வைத்திருக்கவே அந்த மாநிலத்தின் அடையாள அட்டை வேண்டும். நியூயார்க் விமான நிலையங்களும் இதே மாதிரிதான், கைத்துப்பாக்கி என்றால் இன்னும் மோசம். வேறு ஊரிலிருந்து வந்து திரும்பிப் போகும்போது டிக்ளேர் செய்து கைதானவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

முடிந்தவரை நேரடி விமானம். நடுவில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் சார்லட் மாதிரி, துப்பாக்கிச் சட்டம் கடுமையில்லாத மாநிலத்தில் மாறுங்கள். ஒருவேளை கடுமையான மாநிலத்தில் மாட்டிக்கொண்டால் பெட்டியை மட்டும் கையில் வாங்காதீர்கள். பெல்ட்டில் சுற்றி வந்தாலும் தொடவேண்டாம். விமான நிறுவன ஊழியரிடமோ விமான நிலையக் காவலரிடமோ நிலைமையைச் சொல்லி, இரவு அவர்களே வைத்திருந்து மறுநாள் ஏற்றச் சொல்லுங்கள். அந்த 2010 தீர்ப்பிலேயே நீதிபதிகள் காட்டிய வழி இது.


வைகைக்கரை எழுதியது:

மேற்குமலை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு இரவே பார்த்தேன், ராலேயிலிருந்து டெட்ராய்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. சீட்டு விலை கூடத்தான், ஆனால் இதற்கு மேல் யோசிக்கப் போவதில்லை. அங்கே கார் வாடகைக்கு எடுத்து, ரைஃபிளைப் பெட்டியோடு டிக்கியில் வைத்து ஓஹையோவுக்குள் போய்விடலாம். மனைவியிடமும் படித்துக் காட்டினேன், கவுண்டரில் நடப்பதைப் பற்றி இப்போது அவருக்குப் பயம் இல்லை, நியூவார்க்கைப் பற்றித்தான் பயம்.

கிரீன் கார்டு விஷயம் யாராவது சொல்லுங்களேன். கவுண்டரில் கையெழுத்துப் போடப் போவது நான்தான்.


நாலாம்வாசல் எழுதியது:

கிரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லை, டிக்ளேர் செய்து கையெழுத்துப் போடவும் தடையில்லை. அதில் கவலை வேண்டாம். ஆனால் குடியுரிமை உள்ளவருக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, நம் ஆட்கள் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

குடிவரவுச் சட்டத்தில் நாடு கடத்துவதற்கான காரணங்களில் துப்பாக்கிக் குற்றம் தனியாக எழுதியிருக்கிறது. எந்தச் சட்டத்தை மீறியாவது துப்பாக்கி வைத்திருந்தார், கொண்டுபோனார் என்று தண்டிக்கப்பட்டால் போதும், எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் கிரீன் கார்டு ஆபத்தில். சிறைத் தண்டனை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சமும் கிடையாது. குடியுரிமை உள்ள ஒருவர் பாதுகாப்புச் சோதனையில் பைக்குள் துப்பாக்கியோடு பிடிபட்டால் அபராதம் கட்டி, உள்ளூர் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். நாம் அதே சமரசத்துக்கு ஒப்புக்கொண்டால், குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அந்த ஒரு வரியே குடிவரவு அலுவலகத்தின் கண்ணில் தண்டனையாகிவிடலாம், உள்ளூர் நீதிபதி தண்டனை விதிக்காமல் தள்ளி வைத்திருந்தாலும்கூட. அப்படி ஒரு நிலை வந்தால் குற்றவியல் வக்கீல் மட்டும் போதாது, எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

இது எங்கேயோ எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. 2023-இல் நாடு முழுக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகளை டி.எஸ்.ஏ. பிடித்தது, 2024-இல் 6,678. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் அதிகம் பேர் சொன்னது, பைக்குள் இருந்ததை மறந்துவிட்டேன் என்பதுதான். மறந்தவர்களுக்கு டி.எஸ்.ஏ. போடும் அபராதமே பல ஆயிரம் டாலர் வரை போகலாம், வேகமாகச் சோதனையைத் தாண்டுகிற பிரீசெக் வசதி ஐந்து வருடத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் காவல் துறை வழக்கு தனி.

எச்-1பி-யில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலை வேறு. குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம், 2022-க்குப் பிறகு அதற்கு 15 வருடம் வரை சிறை. இங்கே முறையாக வாங்கிய வேட்டை உரிமம் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. அது இல்லாமல், நண்பனின் ரைஃபிளை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டு கவுண்டரில் போய் நிற்காதீர்கள். அந்த ஆரஞ்சு அட்டையில் போடுகிற கையெழுத்து உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.


சிறுவாணி எழுதியது:

ரைஃபிளைப் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பயம், துப்பாக்கியே இல்லாத பயணத்தில் மாட்டிக்கொள்வது. அக்கா என்ற உரிமையில் கேட்கிறேன், ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை மகள் வேறு எதற்கெல்லாம் எடுக்கிறாள்?

.22 தோட்டா ஓர் அங்குல நீளம்தான். பையின் அடித்துணி மடிப்பில், உள்ளே தைத்த குட்டிப் பையில், சுடும்போது போடுகிற ஜாக்கெட்டின் ஓரத்தில் விழுந்தால் கையால் துழாவினாலும் தட்டுப்படாது. எக்ஸ்ரேயில் மட்டும் பளிச்சென்று தெரியும். இங்கே உள்நாட்டுப் பயணத்தில் அது பையைத் திறந்து, எடுத்து, விசாரித்து, பெயரை எழுதிக்கொள்வதோடு முடியலாம். அதே பையோடு லீவுக்கு இந்தியா போனால் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி அங்கே தோட்டா வைத்திருக்கவே உரிமம் வேண்டும். துப்பாக்கி இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் முதல் தகவல் அறிக்கை போடுவார்கள். பெரும்பாலும் திரும்பி வரும்போதோ, அங்கே உள்நாட்டு விமானம் மாறும்போதோ பிடிபடுகிறது. விமானம் போச்சு, கடவுச்சீட்டு சிக்கல், ஜாமீன், பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனு. தெரிந்தே வைத்திருந்தால்தான் அது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது, அதை வைத்துப் பலருடைய வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பு நம்மைக் காப்பாற்றும் என்பது உண்மைதான், ஆனால் அதுவரை அலைவது நாம்தான்.

2024-இல் டர்க்ஸ் அண்ட் கெய்கோஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போன அமெரிக்கர்கள் சிலர் இதே மாதிரி பையில் தங்கிப்போன தோட்டாக்களோடு பிடிபட்டார்கள். அங்கே சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 12 வருடம் என்று இருந்தது. அவர்கள் கடைசியில் அபராதமும் நிறுத்திவைத்த தண்டனையுமாகத் தப்பித்து வீடு திரும்பினார்கள், அந்த வருடமே அங்கே சட்டத்தையும் திருத்தி நீதிபதிக்கு விட்டுக்கொடுத்தார்கள். உல்லாசமாகப் போன இடத்தில் வாரக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் காத்திருந்த அந்தக் குடும்பங்களை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

அதனால் எங்கள் வீட்டில் ரேஞ்சுப் பை என்று ஒன்று தனியாக, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கிறது. கேரேஜை விட்டு வீட்டுக்குள் வராது, வேறு எந்தப் பயணத்துக்கும் போகாது. பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகிற பை ரேஞ்சுக்கு வரவே கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. சோதனையில் கையையும் பையையும் ஒரு துணித்துண்டால் துடைத்து எந்திரத்தில் வைப்பார்களே, அது வெடிபொருளின் துகளைத் தேடுகிறது. தோட்டாவில் இருக்கிற புகையில்லா வெடிமருந்து அதே குடும்பம், அதனால் ரேஞ்சுப் பை கேபினுக்குள் வந்தால் அலாரம் அடிக்க வாய்ப்பு உண்டு. தப்பு எதுவும் இல்லைதான், ஆனால் முழுச் சோதனை முடிய நேரமாகும், போட்டிக்குப் போகிற பிள்ளை அந்தப் பதற்றத்தோடு விமானம் ஏற வேண்டாம்.


வைகைக்கரை எழுதியது:

அக்கா, அவள் ஒரே பையைத்தான் பள்ளிக்கும் ரேஞ்சுக்கும் கொண்டுபோகிறாள். இன்றைக்கே மாற்றுகிறோம். பழைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, அடித்துணியைப் பிரித்தும் பார்த்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. டெட்ராய்ட்டில் இறங்கியதும் பெட்டி சாதாரண பெல்ட்டிலேயே வருமா, இல்லை தனியாக எங்கேயாவது போய் வாங்க வேண்டுமா? பெட்டியும் நீளமானது.


பழையகுறி எழுதியது:

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கவுண்டரில் பெட்டியை ஒப்படைக்கும்போதே கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாடா போட்டுக் கட்டி, சாமான் அலுவலகத்தில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தருகின்றன. சிலவற்றில் நீளமான சாமான் வருகிற தனிக் கதவு வழியாக வரும், சிலவற்றில் எல்லாப் பெட்டியோடும் பெல்ட்டில் சுற்றும். பெல்ட்டில் வருகிறது என்றால் விமானத்திலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போய் நில்லுங்கள், கழிவறை, காபி எல்லாம் அப்புறம். உள்ளே ஓர் ஏர்டேக் வைத்தால் பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். ரைஃபிளின் வரிசை எண்ணை ஃபோனில் படமெடுத்து வையுங்கள், பெட்டி காணாமல் போனால் புகார் கொடுக்க அதுதான் முதலில் வேண்டும்.

பெட்டியை வாங்கியதும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கும். அங்கே திறக்காதீர்கள். 2017 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் ஒருவன் முறைப்படி டிக்ளேர் செய்து கொண்டுவந்த கைத்துப்பாக்கியைச் சாமான் எடுக்கிற இடத்தில் வாங்கி, கழிவறைக்குள் போய்த் தோட்டா நிரப்பி, வெளியே வந்து ஐந்து பேரைக் கொன்றான். அதற்குப் பிறகு சாமான் கூடத்தில் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கிற யாரைப் பார்த்தாலும் காவலர்களுக்கு மனம் பதறத்தான் செய்யும். பூட்டு வெளியிலிருந்து உடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பாருங்கள், நேராகக் காரின் டிக்கி, மீதி எல்லாம் தங்குமிடத்தில்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அங்கேதான் அவசரம் வரும். போட்டி முடிந்த களைப்பில் மிச்சத் தோட்டாவை அப்படியே பைக்குள் கொட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். ரேஞ்சை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே ரைஃபிளில் தோட்டா உட்காருகிற அறையை நீங்களும் பார்த்து மகளையும் பார்க்கச் சொல்லி, கொடியைச் செருகி, மிச்சத்தை எண்ணிப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டி, ஜாக்கெட் பைகளை வெளியே இழுத்து உதறிவிடுங்கள். கேம்ப் பெர்ரியிலிருந்து டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும், கவுண்டருக்கு விமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். முடிந்தால் மறுநாள் காலை விமானமாகப் போடுங்கள், கடைசிச் சுற்று தாமதமானால் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுட வேண்டியிருக்காது.